யானைக்கும் மாட்டுக்கும் 'நான்' உண்டா? தன்னுணர்வு எங்கிருந்து வருகிறது?

1. பாலாற்றங்கரை (குடியாத்தம்)

எங்கள் பக்கத்தில் கௌண்டின்யா காட்டிலிருந்து யானைகள் இறங்குவது புதிதல்ல. 1980களில் ஒசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து ஆந்திர எல்லைக்குப் போய்த் தங்கிவிட்ட கூட்டத்தின் வழிவந்தவை அவை. குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் நெல், வாழை, மாந்தோப்பு எதுவும் அவற்றுக்குத் தப்புவதில்லை. ஊர்க்கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, நன்கு படித்த பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொன்னார்: "யானைக்குப் பசி உண்டு, வலி உண்டு, கோபம் உண்டு. தான் என்ற நினைப்பு மட்டும் கிடையாது. அது மனிதனுக்கு மட்டுமே வாய்த்தது." எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை இந்த இணைய இழையில் எழுதி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

இந்தக் கேள்விக்கு அறிவியல் பெரும்பாலும் கண்ணாடியை வைத்தே விடை தேடியிருக்கிறது. 1838இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஜென்னி என்ற ஒராங்குட்டான் கண்ணாடி முன் என்ன செய்தது என்று டார்வின் குறித்து வைத்தார். முறையான சோதனை 1970இல் வந்தது. கார்டன் காலப் என்ற அமெரிக்க உளவியலாளர் சிம்பன்சிகளுக்குப் பத்து நாள் கண்ணாடியைப் பழக்கினார். பிறகு மயக்க மருந்து கொடுத்து, புருவத்தின் மேலும் காதின் மேலும் மணமில்லாத சிவப்புச் சாயத்தைத் தடவினார். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சிகள் கண்ணாடியைத் தொடவில்லை. தங்கள் புருவத்தைத் தொட்டன, தொட்ட விரலை முகர்ந்தும் பார்த்தன. அதே சோதனையை மக்காக் குரங்குகளிடம் வைத்தபோது அவை எதிரில் வேறொரு குரங்கு நிற்பதாகவே நடந்துகொண்டன.

அதன் பிறகு 2001இல் டால்பின், 2006இல் ஆசிய யானை, 2008இல் ஐரோப்பிய மேக்பை பறவை என்று பட்டியல் நீண்டது. நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் மூன்று பெண் யானைகளின் முன் மிகப் பெரிய கண்ணாடியை நிறுத்தினார்கள். ஹாப்பி என்ற யானை மட்டும் தன் நெற்றியில் போட்டிருந்த வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றில் ஒன்று தேறியது என்றால், மற்ற இரண்டுக்கும் 'நான்' இல்லை என்று பொருளா? நாளெல்லாம் சேற்றையும் புழுதியையும் அள்ளித் தன் மேலேயே வீசிக்கொள்ளும் விலங்கு அது. நெற்றியில் ஒரு கறை இருந்தால் அதற்கென்ன, இல்லாவிட்டால் என்ன? மின்வேலியைத் தும்பிக்கையால் தொடாமல் தந்தத்தால் கம்பியை அறுக்கும் யானைகள் உண்டு. மரத்தை வேலிமேல் தள்ளிச் சாய்த்துவிட்டு நடந்து போகும் யானைகளும் உண்டு. தன் உடம்பில் எந்த இடத்தில் மின்சாரம் தாக்கும், எந்த இடத்தில் தாக்காது என்று பிரித்து வைத்திருக்கும் உயிருக்குத் தன்னைத் தெரியாது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2. மலைச்சாரல் (ஏலகிரி)

நண்பரே, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வேலி உதாரணத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. தும்பிக்கையால் தொட்டேன், அடித்தது; தந்தத்தால் தொட்டேன், அடிக்கவில்லை. இந்த இரண்டு அனுபவம் போதும். அடுத்த முறை தந்தம் முன்னே வரும். இதற்கு 'நான்' எதற்கு? பழக்கமே போதும். உளவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எளிய விளக்கம் போதுமான இடத்தில் பெரிய விளக்கத்தை ஏன் கொண்டுவருகிறீர்கள்?

கண்ணாடிச் சோதனைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மேக்பை சோதனையை வேறொரு குழு திரும்பச் செய்து 2020இல் வெளியிட்டபோது முதல் முடிவு கிடைக்கவில்லை. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிளீனர் ராஸ் என்ற விரல் நீள மீன் இந்தச் சோதனையில் தேறியதாக அறிவித்தார்கள். மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் மீன் அது. தன் தொண்டையில் போட்ட பழுப்புக் குறியைக் கண்ணாடியில் பார்த்ததும் அடிமணலில் தொண்டையைத் தேய்த்தது. காலப் அதை ஏற்கவில்லை. ஒட்டுண்ணி போலத் தெரியும் எதையும் பார்த்தால் பரபரக்கும் மீன் என்பதால் அதைத் தன்னுணர்வாகக் கொள்ள முடியாது என்றார். மீனுக்குத் தன்னுணர்வு உண்டு என்று ஏற்பதா, சோதனையில் ஓட்டை இருக்கிறது என்று ஏற்பதா? இரண்டில் ஒன்றை நாம் தேர்ந்தே ஆகவேண்டும்.

என்னைப் பொறுத்தவரை தன்னுணர்வு என்பது 'எனக்கு இது தெரியும், அது தெரியாது' என்று தன் அறிவையே எட்டிப் பார்ப்பது. உடம்பை அறிவது வேறு, தன்னை அறிவது வேறு.

3. படிக்கட்டு (சோளிங்கர்)

எங்கள் மலைக்கோயில் குரங்குகள் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சண்டை போடும், பின்னால் கையை விட்டு எதிரியைத் தேடும், கடைசியில் திருகி உடைத்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடியோடு பழகும் இந்தக் குரங்குகளே இன்னும் புரிந்துகொள்ளவில்லையே? அப்படியானால் அவற்றுக்கு 'நான்' இல்லை என்றுதானே ஆகிறது?

4. பாலாற்றங்கரை (குடியாத்தம்)

படிக்கட்டு அவர்களே, உங்கள் குரங்குகளுக்கு நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குகளிடம் சீன ஆய்வாளர்கள் செய்ததை அவசியம் சொல்லவேண்டும். 2015இல் வெளியானது. குரங்கைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, முகத்தில் லேசர் ஒளிப்புள்ளியைப் பாய்ச்சினார்கள். சாதாரண ஒளி அல்ல, பட்ட இடத்தில் உறுத்தும் ஒளி. உறுத்தலைத் தோல் உணர்கிறது. அதே நொடியில் கண்ணாடியில் புள்ளி தெரிகிறது. சில வாரங்கள் இப்படிப் பழக்கிய பிறகு, உறுத்தாத வெறும் சாயக்குறியை வைத்தாலும் பல குரங்குகள் தங்கள் முகத்தைத் தொட்டன. அதோடு நிற்கவில்லை. யாரும் கற்பிக்காமலேயே, தங்கள் கண்ணுக்கு எட்டாத உடற்பகுதிகளைக் கண்ணாடியில் பார்த்து ஆராயத் தொடங்கின.

இல்லாத 'நானை' சில வாரங்களில் யாரும் ஊட்டிவிட முடியாது. இருந்த ஒன்றுக்குக் கண்ணாடியை இணைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இணைத்தது எதன் வழியாக என்று பாருங்கள். தோல் வழியாக.

5. கொட்டகை (கே.வி.குப்பம்)

வணக்கம். நான் அதிகம் படித்தவன் அல்ல. மாடுகளோடு வளர்ந்தவன். தை மாதம் எருது விடும் விழாவுக்கு எங்கள் குடும்பத்தில் காளை வளர்ப்பது வழக்கம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

கன்றுக்குட்டியை முதன்முதலில் கயிற்றில் கட்டினால், அது தன் கயிற்றைத் தானே மிதித்துக்கொள்ளும். தலையைத் தூக்க முடியாது. உடனே மிரண்டு பின்னால் இழுக்கும், துள்ளும், விழும். யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டதாகவே அது நடந்துகொள்ளும். வளர்ந்த மாடு அப்படிச் செய்வதில்லை. கயிறு இறுகியதும் ஒரு நொடி நிற்கும். பிறகு எந்தக் கால் கயிற்றின் மேல் இருக்கிறதோ அந்தக் காலை மட்டும் தூக்கும். மற்ற மூன்று கால்களையும் அசைக்காது. அந்த ஒரு நொடியில் மாடு என்ன செய்கிறது? தன்னைப் பிடித்திருப்பது தன் கால்தான் என்று அதற்குத் தெரிகிறது என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்று. கொம்பு அகன்ற காளை குறுகலான வாசலில் நுழையும்போது முன்கூட்டியே தலையைச் சாய்த்துக்கொள்ளும். கொம்பில் நரம்பு நுனிவரை ஓடுவதில்லை, கண்ணுக்கும் அதன் நுனி சரியாகத் தெரியாது. ஆனாலும் தன் அகலம் அதற்குத் தெரிகிறது. கொம்பு சீவிய மாடு கொஞ்ச நாளைக்குத் தடுமாறும். பிறகு புது அளவைப் பழகிக்கொள்ளும்.

6. பாலாற்றங்கரை (குடியாத்தம்)

கொட்டகை அண்ணா, நீங்கள் சொன்ன கயிற்றுக் கதைக்கு ஆய்வுக்கூடத்திலேயே சோதனை இருக்கிறது! தாய்லாந்தில் யானைகளிடம் செய்து 2017இல் வெளியிட்டார்கள். யானையை ஒரு விரிப்பின் மேல் நிற்கவைத்து, ஒரு குச்சியை எடுத்துத் தரச் சொல்வார்கள். குச்சி விரிப்போடு கட்டப்பட்டிருக்கும். விரிப்பின் மேல் தானே நிற்கும்வரை குச்சியைக் கொடுக்க முடியாது. தடையாக இருப்பது தன் உடம்பு என்று புரிந்தால்தான் இறங்கும். யானைகள் இறங்கின. குச்சி விரிப்போடு கட்டப்படாத முறைகளில் அப்படி இறங்குவது மிகக் குறைவு. 2021இல் ஹங்கேரியில் நாய்களிடமும் இதே சோதனையை வைத்தார்கள். கண்ணாடியில் தோற்கும் நாய் இதில் தேறியது.

நாய்க்குக் கண்ணாடி ஏன் பொருளற்றது என்று நாம் எல்லோருக்கும் தெரியும். அதன் உலகம் மூக்கில் இருக்கிறது. 2017இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் நாய்களுக்கு மணத்தாலான ஒரு கண்ணாடியை அமைத்தார். தன் சிறுநீரின் வாசனையையும், அதே சிறுநீரோடு வேறொரு வாசனை கலந்ததையும் வைத்தபோது, மாற்றப்பட்ட தன் வாசனையை நாய்கள் அதிக நேரம் முகர்ந்தன. சிம்பன்சி புருவத்தைத் தொட்டுப் பார்த்ததற்கு இணையாகவே எனக்கு இது படுகிறது.

7. கரிகிரிச் சாலை (காட்பாடி)

இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் தொழுநோயால் உணர்விழந்த கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பணியில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்றவள். நீங்கள் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்றே அப்போது மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்தது வேறு. கிருமி நரம்பைத் தாக்குகிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாத கை தினமும் காயப்படுகிறது, அந்தக் காயங்கள்தான் விரலைத் தின்றுவிடுகின்றன. சூடான பாத்திரம், கூர்மையான கருவி, இறுகிய பூட்டில் திருகும் சாவி, எல்லாமே ஆபத்து. தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் நோயாளிக்குத் தெரியாது. அதற்காகவே வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளிடம் பூனை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில் இந்தப் புரிதலே சிகிச்சையின் அடிப்படையாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. வலி போன பிறகு அந்தக் கையின் மேல் இருக்கும் உரிமை உணர்வும் மெல்லப் போய்விடுகிறது. பிராண்டும் இதை வற்புறுத்திச் சொன்னார். நோயாளிகள் தங்கள் கையை ஒரு கருவியைப் போல நடத்துகிறார்கள் என்றார். நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாதத்தில் ஆணி ஏறிப் புண்ணாகியிருக்கும். அதைக் காட்டும்போது முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. வேறு யாருடைய செருப்பிலோ ஆணி ஏறியதைப் போலப் பேசுவார்கள். எவ்வளவு அறிவுள்ளவர்கள், எவ்வளவு பொறுப்பானவர்கள்! தங்கள் பிள்ளைக்குச் சிறு கீறல் விழுந்தால் துடிப்பவர்கள், தங்கள் பாதத்துக்குத் துடிக்க மாட்டார்கள். துடிக்க முடியாது.

எங்கள் பணியின் பெரும்பகுதி என்ன தெரியுமா? தினமும் இரவில் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கக் கற்றுக்கொடுப்பது. உள்ளங்காலைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடியைப் பயன்படுத்தச் சொல்வோம். ஆக, உங்கள் கண்ணாடிச் சோதனையைத் தினமும் இரவில் செய்யும் மனிதர்களோடு நான் வாழ்ந்திருக்கிறேன். கண்ணாடி புண்ணைக் காட்டும். 'இது என் கால்' என்ற அறிவையும் கொடுக்கும். அந்த அறிவு இருந்தும் மறுநாள் அதே புண்ணின் மேல் நடந்து வருவார்கள். நோகாத காலை 'என் கால்' என்று காப்பாற்றுவதற்கு ஒவ்வொரு நாளும் மனம் முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கெல்லாம் அந்த வேலையை வலி தானாகச் செய்துவிடுகிறது. தன்னுணர்வுக்கு அடித்தளம் எது என்று என்னைக் கேட்டால், தோலும் மூட்டும் தசையும் மூளைக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் செய்தி என்றுதான் சொல்வேன்.

8. மலைச்சாரல் (ஏலகிரி)

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இதை எழுதியதற்கு நன்றி. ஆனால் அதிலிருந்தே என் வாதத்துக்கு வலு கிடைக்கிறது என்று சொல்ல அனுமதி கொடுங்கள்.

உங்கள் நோயாளிகள் கையின் உணர்வை இழந்தார்கள். 'நானை' இழந்தார்களா? பெயர், ஊர், கடந்தகாலம், நாளைய கவலை எல்லாம் அப்படியே இருந்தன அல்லவா? அப்படியென்றால் உடலுணர்வு 'நானின்' அடித்தளம் என்று எப்படிச் சொல்ல முடியும்? மூளையிலும் இப்படியே. உடலின் உள்நிலையை உணர்த்தும் இன்சுலா என்ற பகுதியும், தன்னைப் பற்றிய சிந்தனைக்கு அவசியம் என்று கருதப்பட்ட வேறு இரண்டு பகுதிகளும் பெருமளவு அழிந்துபோன ஓர் அமெரிக்க நோயாளியைப் பற்றி 2012இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. கண்ணாடியில் தன்னைக் கண்டுகொண்டார். தன் செயலையும் பிறர் செயலையும் பிரித்தறிந்தார். அவருடைய தன்னுணர்வு பெரும்பாலும் கலையாமல் இருந்தது. மூளையில் ஓரிடத்தைக் காட்டி 'இங்கேதான் நான் இருக்கிறேன்' என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

9. இரவுப்பணி (ராணிப்பேட்டை)

செவிலியராக இருக்கிறேன். மலைச்சாரல் ஐயா சொல்வதற்கு மாறான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மூளையின் வலது பாதியில் பக்கவாதம் வந்தவர்களில் சிலர், தங்கள் இடது கை செயலிழந்ததையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெட்கத்தால் மறைப்பது அல்ல. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. "கையைத் தூக்குங்கள்" என்றால், கை கட்டிலில் கிடக்க, "தூக்கிவிட்டேனே" என்பார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டிலில் கிடப்பது தன் மகனின் கை என்றோ பக்கத்துக் கட்டில்காரரின் கை என்றோ சொல்வார்கள். செயலிழந்ததே தெரியாத அந்த நிலைக்குப் பிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி 1914இலேயே பெயர் சூட்டிவிட்டார். இடது காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் சிலருக்குக் கொஞ்ச நேரம் உண்மை தெரிகிறது என்று, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் உள்ளிட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். நீரின் விளைவு அடங்கியதும் பழையபடி மறுப்பார்கள்.

இவர்களுக்கும் பெயர் தெரியும், ஊர் தெரியும், பேச்சு தெளிவாக இருக்கும். ஆனால் தன் நிலை தனக்குத் தெரியவில்லை. ஐயா, 'எனக்கு இது தெரியும், அது தெரியாது' என்று தன் அறிவை எட்டிப் பார்ப்பதே தன்னுணர்வு என்றீர்கள். இங்கே உடலின் செய்தி அறுந்ததும் அந்த எட்டிப் பார்த்தலே அல்லவா உடைகிறது? இரண்டும் தனித்தனி என்றால் இப்படி நடக்கக் கூடாதே.

10. நூற்பா (ஆற்காடு)

இடையில் ஒரு சிறு குறிப்பு. "மக்கள் தாமே ஆறறி வுயிரே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்கிறது தொல்காப்பிய மரபியல். ஆறாம் அறிவு மனம். மனிதனோடு அதை முடித்துக்கொள்ளாமல் 'பிறவும் உளவே' என்று வாசலைத் திறந்து வைத்தார்கள். விலங்கினுள்ளும் ஒரு சாரார்க்கு ஆறறிவு உண்டு என்ற இடத்தில் உரையாசிரியர் இளம்பூரணர் கிளி, குரங்கு, யானை ஆகியவற்றைக் காட்டுகிறார். இதை அறிவியல் சான்றாகச் சொல்லவில்லை. 'மனிதனுக்கு மட்டும்' என்பது ஏதோ நம் முன்னோர் எல்லோரும் சொன்னது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது சரியல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

11. பட்டுநூல் (ஆரணி)

என் மகளுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. இந்த இழையைப் பார்த்துவிட்டு மூக்கில் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினேன். அப்படியே உறைந்துபோய்ப் பார்த்தாள், மூக்கைத் தொடவேயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் உடனே தொட்டுவிட்டான். கவலைப்பட வேண்டுமா?

12. பாலாற்றங்கரை (குடியாத்தம்)

வேண்டவே வேண்டாம், சகோதரி. பெரும்பாலான குழந்தைகள் 18 முதல் 24 மாதத்துக்குள் தொடத் தொடங்குவார்கள் என்பது மேற்கத்திய நாடுகளில் கண்ட கணக்கு. 2011இல் பல நாட்டுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் கென்யக் குழந்தைகளில் மிகச் சிலரே குறியைத் தொட்டார்கள், வயதில் மூத்தவர்களும் கூட. பெரும்பாலோர் உங்கள் மகளைப் போலவே உறைந்து நின்றார்கள். அவர்களுக்குத் தன்னுணர்வு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தெரியாத ஒருவர் முன்னிலையில் முகத்தைத் தொடுவதா வேண்டாமா என்பதை வளர்ப்பும் முடிவு செய்கிறது.

இதே கருணையை நாம் விலங்குகளுக்கும் காட்டவேண்டும் என்பதே என் கோரிக்கை.

மலைச்சாரல் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். 'நான்' ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டால்தான், கை உணர்வு போயும் 'நான்' போகவில்லையே என்ற குழப்பம் வரும். எனக்கு அது பல காலங்களில் கட்டப்பட்டதாகத் தெரிகிறது. மிகப் பழைய பகுதி எவ்வளவு பழையது தெரியுமா? சுவர்க்கோழி கத்தும்போது அதன் சத்தம் அதன் காதையே செவிடாக்கும் அளவுக்கு இருக்கும். ஆனால் அது செவிடாவதில்லை. இறக்கையை உரசும் அதே நொடியில் 'இது நம் சத்தம்' என்று ஒரு நரம்பணு செவிப்புலனைத் தணித்துவிடுகிறது. 2006இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்த நரம்பணுவையே கண்டுபிடித்தார்கள். தன்னால் வந்தது, பிறரால் வந்தது என்ற பிரிவினை பூச்சியிலேயே தொடங்கிவிட்டது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதே போன்ற ஏற்பாடுதான் காரணம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசு, தன் கை தன் கன்னத்தில் படுவதையும் வேறொருவர் விரல் படுவதையும் பிரித்தறிகிறது என்று 1997இல் காட்டினார்கள்.

இதற்கு மேலே நினைவு சேர்கிறது. நெற்றிமுடியில் ஒட்டுத்தாள் ஒட்டி வீடியோ எடுத்து, சில நிமிடம் கழித்துக் காட்டினால் மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் தலையில் கைவைப்பதில்லை. நான்கு வயதில் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். 'சற்றுமுன் இருந்த நானும் இப்போது இருக்கும் நானும் ஒன்று' என்பதைத் தனியாகக் கற்கவேண்டியிருக்கிறது!

பிறகு, மற்றவர்கள். இதுதான் என்னை மிகவும் பாதித்தது. தனிமையில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளைக் காலப் 1971இல் சோதித்தபோது அவை கண்ணாடியில் தோற்றன. மூளை அதேதான், கண் அதேதான். தன்னைப் பார்க்கும் இன்னொரு சிம்பன்சி மட்டும் அவற்றின் வாழ்வில் இருந்ததில்லை. காக்கை இனத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே பறவையிடமும் இது தெரிகிறது. இரையை ஒளிக்கும்போது இன்னொரு பறவை பார்த்துவிட்டால், தனியாக இருக்கும் நேரத்தில் வந்து அதை வேறிடத்துக்கு மாற்றும். ஆனால் முன்பு தானே திருடிப் பழகிய பறவைதான் அப்படி மாற்றுகிறது, திருடாத பறவை மாற்றுவதில்லை. 2001இல் வெளிவந்த ஆய்வு. தன் அனுபவத்தை எடுத்துப் பிறர் மேல் வைத்துப் பார்க்க, முதலில் தன் அனுபவம் தன்னுடையதாக இருக்கவேண்டும் அல்லவா?

13. மலைச்சாரல் (ஏலகிரி)

இரவுப்பணி சகோதரியின் கேள்வி கூர்மையானது. உடல் வேறு, அறிவு வேறு என்று சுவர் எழுப்ப முடியாது என்பதை அது காட்டுகிறது. ஆனால் சுவர்க்கோழியிடம் இருப்பதையும் சகோதரியின் நோயாளி இழந்ததையும் ஒரே பெயரால் அழைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சுவர்க்கோழியின் நரம்பணு வேலை செய்கிறது. அந்த வேலை நடப்பது சுவர்க்கோழிக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

நான் கோடு போடும் இடத்துக்கு விலங்குகளிடமிருந்தே ஒரு சான்று தருகிறேன். கண்ணாடியை விட இது எனக்கு வலுவானது. 2001இல் ராபர்ட் ஹாம்ப்டன் என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்குகளுக்கு ஒரு படத்தைக் காட்டினார். சற்று இடைவெளி விட்டு, "தேர்வு எழுதுகிறாயா, வேண்டாம் என்கிறாயா?" என்று இரண்டு பொத்தான்களைக் கொடுத்தார். தேர்வு எழுதி நான்கு படங்களில் சரியானதைத் தொட்டால் வேர்க்கடலை கிடைக்கும். தப்பினால் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் அவ்வளவாகப் பிடிக்காத தீவனம் உறுதியாகக் கிடைக்கும். நினைவு மங்கிய வேளைகளில் குரங்குகள் 'வேண்டாம்' என்பதைத் தேர்ந்தன. தாமாக விரும்பி எழுதிய தேர்வுகளில், கட்டாயப்படுத்தி எழுதவைத்த தேர்வுகளை விட நன்றாகச் செய்தன. தனக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் குரங்கு பார்த்துக்கொள்கிறது. படிக்கட்டு அவர்களே, உங்கள் குரங்கின் நெருங்கிய உறவினர்தான் இவர்களும். கண்ணாடியில் தோற்று, என் கடினமான தேர்வில் தேறியவர்கள்.

பெரியவர் சொன்ன 'மனிதனுக்கு மட்டும்' என்ற சொல்லை நானும் ஏற்கவில்லை. ஆனால் எல்லா உயிருக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஒவ்வோர் இனத்துக்கும் தனியாகச் சான்று கேட்பேன்.

14. படிக்கட்டு (சோளிங்கர்)

நன்றி ஐயா. சட்டம் இதில் ஏதாவது சொல்கிறதா? ஹாப்பி யானை பற்றி வழக்கு நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

15. பாலாற்றங்கரை (குடியாத்தம்)

ஆம். கண்ணாடியில் தன்னைக் கண்டுகொண்ட அதே ஹாப்பிதான். ஆட்கொணர்வு மனு போட்டு, சிறைப்பட்ட மனிதரை விடுவிப்பது போல அதை விடுவிக்கக் கேட்டார்கள். நியூயார்க்கின் உச்ச நிலை நீதிமன்றம் 2022இல் மறுத்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அந்த இருவரின் மாற்றுத் தீர்ப்பு எனக்கு நிறைவைத் தந்தது. ஆனால் தன்னுணர்வு நிரூபிக்கப்பட்ட யானைக்கு மட்டும் விடுதலை என்ற வாதம் எனக்கு உவப்பானதல்ல. எங்கள் பக்கத்து வயல்வேலியில் மின்சாரம் பாய்ந்து சாகும் யானைக்கு வலி போதாதா? அதைச் சாகவிடாமல் இருக்க, முதலில் அது கண்ணாடித் தேர்வில் தேறவேண்டுமா?

16. கரிகிரிச் சாலை (காட்பாடி)

வலி என்ற சொல்லை இங்கே எடுத்தது பற்றி மகிழ்ச்சி. வலியைச் சாதாரணமாக, கீழ்நிலை உணர்வாக எண்ணி ஒதுக்குகிறோம். வலியை இழந்தவர்களோடு இருந்திருந்தால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். மலைச்சாரல் ஐயா கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். என் நோயாளிகள் 'நானை' இழக்கவில்லை, உண்மை. அந்த 'நான்' சுருங்கியது. மணிக்கட்டோடு, கணுக்காலோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் அவர்களுக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொருளாகிவிட்டது.

17. கொட்டகை (கே.வி.குப்பம்)

அந்த விரிப்புச் சோதனையை எங்கள் மாட்டிடம் செய்து பார்க்கலாமா? கோணிச் சாக்கை விரித்து, அதன் ஓரத்தில் சோளத்தட்டுக் கட்டைக் கட்டி, மாட்டைச் சாக்கின் மேல் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். கட்டை இழுத்தால் சாக்கும் வரும், தான் இறங்கினால்தான் கட்டு வாய்க்கு வரும். சரியாக இருக்குமா ஐயா?

18. மலைச்சாரல் (ஏலகிரி)

தாராளமாகச் செய்யுங்கள், அண்ணா. மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, கட்டைச் சாக்கோடு கட்டாமல் சும்மா பக்கத்தில் வைத்தும் அதே எண்ணிக்கையில் செய்து பாருங்கள். அப்போதும் மாடு இறங்கினால், அது தன் உடம்பைப் புரிந்து இறங்கவில்லை, சாக்கு பிடிக்காமல் இறங்குகிறது. இரண்டாவது, கட்டைத் தரையில் ஒரு முளையில் கட்டியும் வையுங்கள். இழுத்தும் வராதபோதெல்லாம் நகர்ந்து பார்ப்பதுதான் அதன் வழக்கமா என்று அதில் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம்: நீங்கள் மாட்டின் கண்ணில் படாமல் நில்லுங்கள். உங்களோடு வளர்ந்த மாடு, உங்கள் தோளின் அசைவைப் பார்த்தே இறங்கிவிடும்.

கன்றுகளையும் பெரிய மாடுகளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். கயிறு பற்றி நீங்கள் சொன்னது உண்மையானால், வித்தியாசம் அங்கேதான் தெரியவேண்டும்.

19. கொட்டகை (கே.வி.குப்பம்)

சரி ஐயா. காளை விழா முடியும்வரை கொட்டகையில் ஆள்நடமாட்டம் அதிகமாக இருக்கும். மாசி பிறந்ததும் தொடங்குகிறேன். மறைந்து நின்று பார்க்க, வைக்கோல் போருக்குப் பின்னால் இடம் இருக்கிறது. கன்றுகள் ஆறு மாதத்துக்கு மேற்பட்டவையாக இருந்தால் போதுமா, அல்லது அதற்கும் இளையவை வேண்டுமா?

20. மலைச்சாரல் (ஏலகிரி)

இரண்டும் வேண்டும். கயிற்றில் இன்னும் கட்டப்படாத கன்று ஒன்றாவது இருந்தால் மிகவும் நல்லது.